அம்மாவின் பெயர் பாட்டில் ஏற நாற்பது ஆண்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

1976 செப்டம்பர் 25, சனிக்கிழமை. டப்ளின் நகரின் வடபகுதியில் ஆர்ட்டேன் என்ற இடத்தில் ஒரு வீட்டு அடுப்படி. டிரம்ஸ் செட்டைப் போட்டதும் ஆள் நிற்க இடமில்லை. அந்த வீட்டுப் பையன் லாரி மல்லனுக்கு வயது பதினான்கு. 'டிரம்ஸுக்கு நான் இருக்கிறேன், குழு அமைக்க ஆள் வேண்டும்' என்ற கருத்தில் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தான். அதைப் பார்த்து வந்த பையன்களில் ஒருவன் பால் ஹியூசன், வயது 16. கிடார் அரைகுறை. பாட்டும் பெரிதாக வராது. வாய் மட்டும் ஓயாது. அன்று அது 'லாரி மல்லன் குழு' என்றும், ஹியூசன் உள்ளே நுழையும்வரை ஒரு பத்து நிமிடம் அந்தப் பெயர் நிலைத்தது என்றும் லாரி பிற்பாடு கேலியாகச் சொல்வார்.

அந்த ஹியூசன்தான் பாடகர் போனோ. அந்தக் குழுதான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ராக் குழு யூ2.

இந்த ஆய்வுக்கு அந்தச் சனிக்கிழமையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த அடுப்படி இருந்த வீட்டில் அம்மா இருந்தார். பால் ராத்திரி திரும்பிப்போன வீட்டில் அம்மா இல்லாமல் அப்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு வருடத்தில் லாரியின் வீட்டிலும் இல்லாமல் போனார்.

தாயில்லாமல் வளர்ந்த கலைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு நேர்கோடு போட்டுவிடுவார்கள்: இழப்பு, கோபம், இசை, வெற்றி. எனக்கு அந்தக் கோட்டில் நம்பிக்கை கிடையாது. அம்மாவை இழந்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு, எல்லோரும் மேடை ஏறுவதில்லை. மரணம் நடந்தது சில நாட்களில். அதன்பின் அந்த வீடு கடைப்பிடித்த வாய்மூடல் பல ஆண்டுகள் நீண்டது. என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் மையம் அந்த வாய்மூடல்தான். பையனுக்குப் பங்க் இசை, அதாவது தேர்ச்சி பாராமல் முரட்டுத்தனமாக வாசிக்கும் எழுபதுகளின் ராக் வகை, என்ன செய்தது என்பதையும் அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆதாரம் பற்றி ஒரு வார்த்தை. இது மருத்துவக் குறிப்பன்று. சம்பந்தப்பட்டவர்கள் பேட்டிகளிலும் நினைவுக் குறிப்பிலும் தாங்களே வெளிப்படையாகச் சொன்னவை, வெளிவந்த பாட்டுகள், தேதிகள், அவ்வளவே. பையன்களாக இருந்த காலத்தை எழுதும்போது 'அவன்' என்றும், வளர்ந்த பிறகு 'அவர்' என்றும் எழுதுகிறேன். இந்தக் கதையில் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் எல்லாம் இருக்கிறது.

வீடு

பால் டேவிட் ஹியூசன் பிறந்தது 1960 மே 10. வளர்ந்தது வடக்கு டப்ளினில் சீடர்வுட் சாலை, 10ஆம் எண் வீடு. அப்பா பாப் ஹியூசன் அஞ்சல் துறை ஊழியர், கத்தோலிக்கர். அம்மா ஐரிஸ், அயர்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சீர்திருத்தக் கிறித்தவர். அந்தக் காலத்து அயர்லாந்தில் இப்படி ஒரு கல்யாணம் சாதாரண விஷயமில்லை. அண்ணன் ஒருவர், ஏழெட்டு வயது மூத்தவர்.

1974 செப்டம்பரில் ஐரிஸின் தகப்பனார் இறந்துபோனார். அவரை அடக்கம் செய்யும் இடத்திலேயே ஐரிஸ் சரிந்து விழுந்தார். மூளை ரத்தக்குழாய் வெடிப்பு. சில நாள் கழித்து, செப்டம்பர் 10 அன்று உயிர் போயிற்று. பையனுக்குப் பதினான்கு வயது. தாத்தாவின் சாவுக்குப் போன இடத்தில் அம்மாவின் சாவு தொடங்கிவிட்டது. ஒரு துக்கத்தை அழுது முடிக்கும் முன்பே அதைவிடப் பெரியது வந்து அதை மூடிக்கொண்டது.

பிறகு அந்த வீட்டில் மூன்று ஆண்கள். மூவருக்கும் சண்டை போடத் தெரியும், கத்தத் தெரியும். ஐரிஸ் என்ற பெயரை எடுக்க மட்டும் தெரியவில்லை. அம்மாவைப் பற்றிப் பேச்சே எழவில்லை என்பதைப் போனோ பலமுறை சொல்லியிருக்கிறார். பேசாததைவிட மோசமாக, நினைப்பதையும் அநேகமாக விட்டுவிட்டோமோ என்ற பயத்தையும் எழுதியிருக்கிறார். விளைவு என்னவென்றால், பதினான்கு வருடம் கூடவே வாழ்ந்த அம்மாவைப் பற்றி அவரிடம் இருக்கும் நினைவுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இதைப் படிக்கும்போது முதலில் எனக்கு நம்ப முடியவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் முகம், குரல், திட்டு, வாசனை எல்லாம் நெஞ்சில் பதிந்திருக்க வேண்டாமா? பதிந்துதான் இருந்திருக்கும். நினைவு என்பது எடுத்து எடுத்துப் புழங்கினால் தங்கும் பண்டம். கூட இருந்து 'அன்னைக்கு அம்மா அப்படிச் சொன்னாளே' என்று எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாத வீட்டில் அது பூட்டிய பரணில் போய்விடும்.

அந்த வீட்டின் அன்றாடம் எப்படி இருந்தது என்பதைக் காட்ட அவர் எழுதிய ஒரு காட்சி போதும். பள்ளி விட்டு வருகிறவன் கையில் ஒரு டின் இறைச்சி, ஒரு டின் பீன்ஸ், வெந்நீரில் கரைத்தால் மசியலாகிவிடும் உருளைக்கிழங்குப் பொடி ஒரு பாக்கெட். தானே சூடு பண்ணித் தானே தின்ன வேண்டும். வீடு வீடாக இல்லை, வெறும் கட்டடமாக இருந்தது என்கிறார். பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. அண்ணனுக்கு அயர்லாந்து விமான நிறுவனத்தில் வேலை. பயணிகளுக்குப் போக மிஞ்சிய சாப்பாட்டுத் தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி வாங்கினார். விமானம் ஏறாமலே விமானச் சாப்பாடு. வேடிக்கையாகத்தான் போனோ இதைச் சொல்வார், கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். ஆனால் யாரோ முகம் தெரியாதவர்களுக்காக, ஆயிரக்கணக்கில் ஒரே அளவில் அடைத்த தட்டை, சமைக்க ஆளில்லாத அடுப்படியில் பிரித்துத் தின்கிற பையனைக் கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

அப்பாவைக் கல்நெஞ்சுக்காரராக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாப் ஹியூசன் ஓபராப் பைத்தியம். நல்ல டெனர் குரல், அதாவது ஆண்களில் உயர்ந்த சுருதிக் குரல். ஐரிஸின் ஸ்வெட்டர் பின்னும் ஊசிகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ரெக்கார்ட் பிளேயர் முன்னால் நின்று, இல்லாத வாத்தியக் குழுவை அவர் நடத்துவது மகனின் பழைய நினைவுகளில் ஒன்று. இசை அந்த வீட்டில் இல்லாமல் இல்லை. மகனுக்கு அது கைமாற்றித் தரப்படவில்லை. ஆசைப்பட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்பது தகப்பனாரின் கட்சி. மகன் உலகப் புகழ் பெற்ற பிறகும், 'டெனர் என்று தன்னை நினைத்துக்கொண்டிருக்கும் பாரிடோன்' (அதைவிடத் தாழ்ந்த குரல்) என்று கேலி செய்தவர். அதில் உண்மையும் இருந்தது என்று மகனே ஒப்புக்கொள்கிறார்.

குரல்

ஸ்டேடியம் நிரப்பும் குழுவைப் பங்க் என்று சொல்வதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். 1976 இலையுதிர் காலத்தில் பள்ளி நிகழ்ச்சியில் இவர்கள் முதன்முதலில் மேடை ஏறியபோது வாசித்ததில் பே சிட்டி ரோலர்ஸ் பாட்டு ஒன்றும் பீட்டர் ஃபிராம்ப்டன் பாட்டு ஒன்றும் உண்டு. அதாவது வானொலியில் வந்ததெல்லாம். அடுத்த ஓராண்டில்தான் லண்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் அந்த அலை டப்ளினுக்கு வந்தது. 1977 அக்டோபரில் லண்டன் பங்க் குழு தி கிளாஷ் டிரினிட்டி கல்லூரியில் வாசித்தது. 1978இல் நியூயார்க் பங்க் குழு ரமோன்ஸ் வந்தது.

ரமோன்ஸ்தான் இந்தப் பையனுக்குத் திறவுகோல். காரணம் ஆத்திரமோ கிழிந்த சட்டையோ இல்லை. அதன் பாடகர் ஜோயி ரமோனின் குரல். ராக் பாடகன் என்றால் கனத்த, ஆண்மை முறுக்கேறிய தொண்டை வேண்டும் என்றிருந்த காலம். தன் குரல் பெண்பிள்ளைக் குரல் மாதிரி இருக்கிறது என்று பால் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தான். ஜோயியும் அப்படித்தான் பாடினார், மேடையில் நின்று, வெட்கப்படாமல். இதுதான் தனக்கு நுழைவாயில் என்று போனோ பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

என் வாசிப்பு இது. மூன்று ஆண்கள் கத்திக்கொண்டு வாழ்ந்த வீட்டில் மென்மையான குரலுக்கு இடம் கிடையாது. அந்தக் குரலின் சொந்தக்காரி போய்விட்டாள். அவளைப் பற்றிப் பேசவும் கூடாது. அப்படிப்பட்ட வீட்டுப் பையனுக்குத் தன் தொண்டையிலிருந்து வரும் பெண்சாயல் கொண்ட குரல் ஒரு பிரச்சினை. பங்க் அதற்கு அனுமதிச் சீட்டு கொடுத்தது. தெரிந்த பிறகு பாடு என்று சொல்லாமல், பாடு, தெரிந்துகொள்ளலாம் என்றது. தகப்பனார் போட்ட 'டெனரா பாரிடோனா' என்ற கேள்வி அங்கே செல்லாது.

சந்தடி சாக்கில் ஒரு கூத்து. 1978இல் அயர்லாந்துத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஒருவர் குழுவைக் கேட்டுப் பார்க்க வந்தார். சொந்தப் பாட்டில் எதை வாசிப்பது, அதை எப்படி முடிப்பது என்று உள்ளே ஒரே சண்டை. அவர் வந்து நின்றதும் ரமோன்ஸ் பாட்டை எடுத்து விளாசிவிட்டு, எங்களுடையதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அவரும் நம்பினார்.

'போனோ' என்ற பெயரும் வீடு வைத்ததில்லை. தெருவில் சேர்ந்த நண்பர் கூட்டம் தங்களுக்கு 'லிப்டன் வில்லேஜ்' என்று ஒரு கற்பனை ஊரை உண்டாக்கி, ஒருவருக்கொருவர் புதுப்பெயர் சூட்டிக்கொண்டது. பாலுக்குக் கிடைத்தது 'போனோ வாக்ஸ்'. டப்ளினில் இருந்த ஒரு கடையின் பெயரிலிருந்து எடுத்தது. அந்தக் கடை விற்றது காது கேட்கும் கருவி. ஒரு பேச்சு மட்டும் காதிலேயே விழாத வீட்டிலிருந்து வந்தவனுக்கு அமைந்த பெயர் இது என்பதை நான் பெரிதாக அர்த்தப்படுத்தவில்லை. ஆனாலும் எழுதாமல் விட மனமில்லை.

லாரி

டிரம்ஸ்காரனின் கதை இந்த ஆய்வின் இரண்டாவது கால். லாரி அதிகம் பேசாதவன். முதலில் ஆர்ட்டேன் சிறுவர் பேண்டில் சேர்ந்தான். முடியை வெட்டு என்றார்கள், சில வாரங்களில் வெளியே வந்துவிட்டான். பங்க் என்ற சொல் ஊருக்கு வருமுன்பே அந்தக் குணம் பையனிடம் இருந்திருக்கிறது. பிறகு அஞ்சல் ஊழியர் பேண்டில் வாசித்தான். 1973இல் தங்கை ஒருத்தியை இழந்த வீடு அது.

1978 மார்ச்சில் லிமெரிக் நகரில் நடந்த திறமைப் போட்டியில் குழு 500 பவுண்டு பரிசு வென்றது. அதே ஆண்டு நவம்பரில் லாரியின் அம்மா சாலை விபத்தில் இறந்தார். லாரிக்கு அப்போதுதான் 17 நிறைந்திருந்தது.

போனோவும் லாரியும் நெருங்கியது அதன்பிறகு. 14 வயதில் அதைக் கடந்த ஒருவன் பக்கத்தில் இருந்தான். அவனுக்கு இது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நமக்கு வேண்டாத விஷயம். ஆனால் குழு என்பது என்ன வேலை செய்தது என்பதைப் புரிந்துகொள்ள இந்த நவம்பர் முக்கியம். நான்கு பேர் கொண்ட கூட்டத்தில் இரண்டு பேருக்குத் தாய் இல்லை. ஒத்திகைக்கு நாள் தவறாமல் வரவேண்டும், வராவிட்டால் மற்ற மூவர் தேடுவார்கள், வந்தால் இடமுண்டு. ஒரு வீட்டில் அம்மா செய்கிற வேலைகளில் பாதி இதுதான்: நீ வந்துவிட்டாயா என்று பார்ப்பது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் போனோ, லாரி, கிடார் வாசித்த எட்ஜ் மூவரும் 'ஷாலோம்' என்ற கிறித்தவ ஜெபக் குழுவில் சேர்ந்ததும் இந்த வரிசையில் வரும். அதில் நீண்ட நாள் நிற்காமல் முதலில் விலகியவர் லாரி.

பாட்டுகளைத் தேதிவாரியாக வைத்துப் பார்த்தால்

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒருவர் தன் துக்கத்தைப் பற்றிப் பேட்டியில் சொல்வது வேறு, பாட்டில் தன்னையறியாமல் காட்டிக்கொடுப்பது வேறு. இந்தப் பாட்டுகளை வெளிவந்த ஆண்டுப்படி அடுக்கினால் ஒரு நகர்வு தெரிகிறது.

முதல் ஆல்பம் 'பாய்', 1980 அக்டோபர். தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட். பதிவு டப்ளின் வின்ட்மில் லேன் ஸ்டூடியோவில். முதல் பாட்டு 'ஐ வில் ஃபாலோ'. கண்ணாடிப் புட்டிகள் உடையும் சத்தமும், சுழலும் சைக்கிள் சக்கரக் கம்பிகளில் எழுப்பிய சத்தமும் அதில் கேட்கும். இந்தப் பாட்டு அம்மாவைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, பாட்டின் குரல் யாருடையது என்பது. பிள்ளையை விடாமல் பின்தொடர்ந்து வரும் தாயின் நிபந்தனையற்ற அன்பை, அவள் பக்கத்திலிருந்து பாடியது என்று போனோ சொல்லியிருக்கிறார். இருபது வயதுக்காரர் அம்மாவைப் பற்றி எழுதவில்லை. அம்மாவாக நின்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார். கேட்க யாருமில்லாத சொற்களைச் சொல்லவும் யாருமில்லை என்றால், தானே இரண்டு வேஷமும் கட்ட வேண்டியதுதான்.

அடுத்தது 1981, 'அக்டோபர்' ஆல்பம். அந்த மார்ச்சில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் நிகழ்ச்சி முடிந்தபோது, புதுப் பாட்டு வரிகள் எழுதி வைத்திருந்த பெட்டி காணாமல் போனது. 2004இல்தான் திரும்பக் கிடைத்தது. ஆகவே 1981இல் ஸ்டூடியோவுக்குப் போனபோது கையில் எழுத்தே இல்லை. மைக் முன்னால் நின்று வாயில் வந்ததைப் பாடி, அதிலிருந்து பாட்டைக் கட்ட வேண்டிய நெருக்கடி.

அப்படிப்பட்ட ஆல்பத்தில்தான் 'டுமாரோ' இருக்கிறது. அயர்லாந்தின் பழைய ஊதுவாத்தியமான இல்லியன் பைப்போடு தொடங்கும். வெளியே ஒரு கறுப்புக் கார் நிற்கும் காட்சி வரும். வட அயர்லாந்தின் வன்முறையைப் பற்றித்தான் பாடுகிறோம் என்று போனோ நினைத்துக்கொண்டிருந்தார். பிற்பாடுதான் அது தன் அம்மாவின் சவ ஊர்வலம் என்று அவருக்கே உறைத்தது.

எழுதி வைத்த தாள் இருந்திருந்தால் இந்தப் பாட்டு வந்திருக்குமா? வந்திருக்காது என்பது என் ஊகம். எழுதும்போது மனதுக்கு ஒரு காவல்காரன் இருக்கிறான். வாயில் வந்ததைப் பாடும்போது அவன் கொஞ்சம் அசந்துவிடுகிறான். சீடர்வுட் சாலை வீட்டில் ஏழு வருடம் பேசாமல் வைத்திருந்தது, பெட்டி தொலைந்த தற்செயலால், அரசியல் பாட்டு என்ற மாறுவேடத்தில் வெளியே வந்தது.

பிறகு பன்னிரண்டு வருட இடைவெளி. 1993இல் 'லெமன்'. உறவினர் வழியாகக் கிடைத்த ஒரு பழைய குடும்பப் படச்சுருள், அதில் கல்யாண வீடொன்றில் எலுமிச்சை நிற உடையில் இளவயது ஐரிஸ். நினைவு இல்லாத இடத்தில் பிம்பம் வந்து உட்கார்கிறது. தான் அறிந்த அம்மாவைப் பாட முடியாதவர், தான் பிறக்குமுன் இருந்த ஒரு பெண்ணைத் திரையில் பார்த்துப் பாடுகிறார். குரலோ உச்சஸ்தாயி, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத கள்ளக்குரல். ஜோயி ரமோன் திறந்துவிட்ட கதவு அங்கே வரை வந்திருக்கிறது.

1997இல் 'மோஃபோ'வில் முதன்முறையாக 'அம்மா' என்று நேராகக் கூப்பிட்டுப் பேசுகிறார். பின்னால் ஒலிப்பது காது கிழியும் நடன இசை. அவ்வளவு சத்தத்தைச் சுற்றிலும் அரணாக நிறுத்திக்கொண்ட பிறகுதான் கூப்பிட முடிந்தது போலும்.

2014இல் 'ஐரிஸ்' என்று பெயரே வைத்து ஒரு பாட்டு. அது இடம்பெற்ற ஆல்பம் ஐடியூன்ஸ் என்ற இசைச் செயலி வைத்திருந்த சுமார் 50 கோடிப் பேருக்குக் கேட்காமலே போய்ச் சேர்ந்து, உலகமே திட்டித் தீர்த்தது ஞாபகம் இருக்கலாம். அந்தக் கூச்சலில் ஒரு விஷயம் அமுங்கிவிட்டது. வெளியான நாள் 2014 செப்டம்பர் 9. ஐரிஸ் இறந்து நாற்பது ஆண்டுகள் நிறைய ஒரு நாள் பாக்கி. ஆல்பத்தின் முதல் பாட்டின் தலைப்பில் ஜோயி ரமோன் பெயர், சில பாட்டுகள் தள்ளி அம்மாவின் பெயர், இன்னும் சில பாட்டுகள் தள்ளி சீடர்வுட் சாலையின் பெயர்.

அம்மாவின் வேஷம், மாறுவேடம், படச்சுருள், 'அம்மா' என்ற விளி, கடைசியில் பெயர். நாற்பது வருடம்.

பௌல்பி சொன்னதோடு ஒப்பிட்டால்

'பாய்' வெளியான அதே 1980இல், தற்செயலாக, பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியின் பற்றுறவு (பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையிலான பிணைப்பு) பற்றிய மூன்று தொகுதி நூலின் கடைசித் தொகுதி வந்தது. பொருள் இழப்பு. பிள்ளைகளால் துக்கத்தைத் தாங்க முடியாது என்ற அன்றைய எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. தாங்குவார்கள், ஆனால் சில சூழல்கள் அமைய வேண்டும் என்றார். இறப்புக்கு முன் பெற்றோருடன் ஓரளவு நல்ல உறவு இருந்திருக்க வேண்டும். நடந்ததை உடனே, உள்ளபடி சொல்ல வேண்டும். கேள்வி கேட்க விட வேண்டும். சாவு வீட்டின் சடங்குகளில் பெரியவர்களோடு பங்குபெற விட வேண்டும். மிஞ்சியிருக்கும் பெற்றோர், அல்லது பிள்ளை நம்பும் வேறொருவர், ஆறுதலாகக் கூடவே இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பால் ஹியூசனின் நிலைமை நாம் நினைப்பதுபோல் ஒரேயடியாக மோசம் இல்லை. அம்மாவோடு உறவு நன்றாக இருந்தது. எதையும் மறைத்து வைக்கவில்லை, விழுந்தபோதே அங்கே இருந்தான். மருத்துவமனையில் கடைசியாகப் பார்க்க முடிந்தது. அடக்கத்துக்கும் போனான். அறுந்தது அதற்குப் பின்னால். கேள்விக்கு இடமில்லை, ஆறுதலுக்கு ஆளில்லை. முதல் ஒரு வாரம் எல்லாம் சரியாக நடந்து, அடுத்த பல வருடம் எதுவுமே நடக்காமல் போனது. சாவு வீட்டில் பிள்ளையைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். அந்தக் கூட்டம் கலைந்த மூன்றாம் மாதம் எப்படி இருந்தது என்று எந்த ஆய்விலும் முதலில் கேட்க வேண்டும் என்பது நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது.

பாஸ்டன் பகுதியில் வொர்டனும் சில்வர்மனும் நடத்திய ஹார்வர்ட் ஆய்வு இன்னொரு வெளிச்சம். பெற்றோரில் ஒருவரை இழந்த 70 குடும்பங்கள், 6 முதல் 17 வயது வரை 125 பிள்ளைகள், இரண்டு ஆண்டுத் தொடர்ச்சி. பொதுவாகத் தந்தையை இழப்பதைவிடத் தாயை இழக்கும்போது வீட்டின் அன்றாடம் அதிகம் குலைகிறது என்று கண்டார்கள். டின் இறைச்சிக் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான உரை தேவையில்லை. இன்னொன்றும் கண்டார்கள்: பெரும்பாலான பிள்ளைகள் இறந்தவரை விட்டுவிடுவதில்லை. பேசுகிறார்கள், கனவு காண்கிறார்கள், ஒரு பொருளை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், வயது ஏற ஏற அந்த உறவையும் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 'மறந்துவிட்டு முன்னேறு' என்ற பழைய ஆலோசனை அங்கே அடிபட்டது. 1980 முதல் 2014 வரையிலான பாட்டுகள் அந்தக் கட்டுமானத்தின் பதிவுகள். சாதாரணமாக இதைப் பிள்ளைகள் வீட்டில் வாய்ப்பேச்சாகச் செய்வார்கள். வீட்டில் முடியாததால் இவர் ஆல்பம் ஆல்பமாகச் செய்தார்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு உதாரணம்

தாயை இழந்த பங்க் என்றாலே இப்படித்தான் என்று ஆகிவிடக் கூடாது. செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜான் லைடன், லண்டனில் வளர்ந்த அயர்லாந்துக் குடும்பத்துப் பிள்ளை. அவர் அம்மாவுக்குப் புற்றுநோய், 1978இல் இறந்தார். தன் சாவுக்கு ஒரு டிஸ்கோ பாட்டுப் போடு என்று மகனிடம் அந்த அம்மாவே கேட்டிருந்தார். 1979 ஜூனில் லைடன் அடுத்து அமைத்த பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவின் 'டெத் டிஸ்கோ' வந்தது. கேட்பவர் குடலைப் பிடுங்கும் அலறல். அதுவும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 20ஆம் இடம் வரை ஏறியது.

இருவருக்கும் வயது வேறு, இழந்த விதம் வேறு, சமன்பாடு போட முடியாது. ஆனாலும் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. அங்கே சாகப்போகிறவரே சாவைப் பற்றிப் பேசிவிட்டார், கிண்டலோடு, ஒரு வேலையும் கொடுத்துவிட்டார். மகன் ஒரு வருடத்துக்குள் அலறிவிட்டார். இங்கே யாரும் எதுவும் பேசவில்லை. பாட்டு மாறுவேடம் போட்டுக்கொண்டு வர ஏழு வருடம், பெயர் வர நாற்பது.

பாப் ஹியூசன் 2001 ஆகஸ்டில் காலமானார். அதற்கு முந்தைய வருடங்களில் தகப்பனும் மகனும் பப்பில் எதிரெதிரே உட்காருவது வழக்கம். 'விசித்திரமா, திடுக்கிடுற மாதிரி ஏதாவது சேதி உண்டா?' என்ற கருத்தில்தான் பெரியவர் பேச்சை ஆரம்பிப்பாராம். மகன் உலகத் தலைவர்களைப் பார்த்த கதையெல்லாம் சொல்வார். பேச வேண்டிய அந்த ஒரு சேதி மேஜைமேல் வரவே இல்லை. அப்பாவும் மனைவியை இழந்தவர்தான், அவருக்கும் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்பதை மகன் வெகுநாள் கழித்தே எழுதினார்.

2015 மே மாதம் வான்கூவரில் தொடங்கிய இசைப் பயணத்தில் 'ஐரிஸ்' பாட்டின்போது பெரிய திரையில் அந்தப் பழைய குடும்பப் படம் ஓடியது. இளம்பெண் ஒருத்தி ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்துச் சிரித்தபடி. கீழே, அவளைவிட வயதில் மூத்துவிட்ட மகன். பயணம் தொடங்கிய அதே வாரத்தில் லாரியின் அப்பா இறந்துபோனார், 92 வயது. லாரி டப்ளின் போய் அடக்கத்தை முடித்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.